லிம்மாவின் ரோஸ்ட், கமெரா: ஆறு மாதிரிகளோடு ஒரு வருடம்

மட்டக்களப்பின் படுவான்கரையில் எங்கள் வயல் வாவியை ஒட்டி இருக்கிறது. கோடையில் உப்பு ஏறினால் நாற்று நுனியிலிருந்து கருகும். அப்போது நாற்றுக்குள் எந்தப் பரம்பரையலகுகள் விழித்தெழுகின்றன என்பதே என் முதுநிலை ஆய்வு. உப்பு நீர் விட்டவை 3, விடாதவை 3. அதற்கு மேல் செலவழிக்க வழியில்லை. இந்தத் தரவை அலசக் கடைசியில் கைகொடுத்தது லிம்மா, ஆர் என்ற கணினி மொழியில் இயங்கும் புள்ளிவிபரப் பொதி. ரோஸ்ட், கமெரா இரண்டும் பரம்பரையலகுத் தொகுதிகளைச் சோதிக்க அதிலுள்ள முறைகள்.

ஆனால் முதலில் இணையத்தில் கிடைத்த வேறொரு கருவியை நம்பினேன். அயன் கடத்தலுக்குரிய 100 பரம்பரையலகுகளின் தொகுதிக்குப் பீ பெறுமானம் (உண்மையில் விளைவே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.0003 என்றது. அன்றிரவு தூங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் அது நூறையும் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணியிருந்தது. ஒரே குடியில் நூறு பேரிடம் கேட்டுவிட்டு நூறு ஊர்கள் சொன்னதாக எழுதலாமா? பரம்பரையலகுகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. அவற்றுக்கிடையிலான சராசரி இணைபு, அதாவது சேர்ந்து மாறும் அளவு, வெறும் 0.05 என்றாலும் தொகுதிச் சராசரியின் மாறற்றிறன் (சிதறலின் அளவு) 1 + 99 × 0.05, அதாவது 5.95 மடங்காகிவிடும்.

லிம்மாவின் கமெரா இந்த வீக்கத்தைக் கணக்கில் எடுக்கிறது. அதே தொகுதிக்கு 0.14 தந்தது. வலித்தது, ஆனாலும் அதுதான் உண்மை.

ரோஸ்ட் எனக்கு இன்னும் பெரிய உதவி. 6 மாதிரிகளை மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழிகளே உண்டு. எது உப்பு, எது உப்பில்லாதது என்ற பெயர்களை மாற்றி மாற்றிச் சோதித்தால் பீ பெறுமானம் 0.05க்குக் கீழே இறங்கவே முடியாது. ரோஸ்ட் மாற்றி அடுக்குவதில்லை, எச்சங்களை (தரவில் விளக்கப்படாமல் எஞ்சும் வேறுபாடுகளை) கணித ரீதியாகச் சுழற்றுகிறது. 9999 சுழற்சிகள் கேட்டால் 0.0001 வரை இறங்கலாம், இணைபும் கலையாது. 2010இல் வந்த இந்த முறைக்காக மெல்பேர்ண் குழுவுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

இரண்டும் கேட்கும் கேள்வி வேறு. தொகுதி மாறியதா என்பது ரோஸ்ட். மற்றவற்றைவிட அதிகம் மாறியதா என்பது கமெரா. உப்பில் பயிர் முழுவதுமே கலங்கிப்போவதால் என் முடிவுகளை இரண்டாவதில்தான் நிறுத்தினேன்.

லிம்மா இலவசம், நிறுவிய பின் இணையமே வேண்டாம், என் பழைய மடிக்கணினி போதும். ஒன்றைக் கவனியுங்கள்: கமெரா இணைபை 0.01 என்று தானே வைத்துக்கொள்கிறது. தரவிலிருந்தே மதிப்பிட வேண்டுமானால் நீங்கள்தான் மாற்ற வேண்டும். என் 0.14 அப்படி மாற்றிய பிறகு வந்தது.