கடலூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ்: சேரலாமா?

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். வேலைக்குப் போகிறவர்களுக்கான பேட்ச். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அதில் பெரும்பங்கு ‘ரன்’ என்ற ஒரே சொல்லை வைத்து நடத்திய பாடத்துக்குத்தான்.

ரன் என்றால் ஓடுவது, இதில் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். சார் அர்த்தம் எதுவும் எழுதிப்போடாமல், அவரவர் வேலையில் இந்தச் சொல் எங்கே வருகிறது என்று கேட்டார். சிப்காட்டில் பம்ப் பார்ப்பவர் ‘ட்ரை ரன்’ என்றார்: உள்ளே தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடினால் மெக்கானிக்கல் சீல் சூடேறிப் போய்விடும், அந்த வார்த்தை காதில் விழுந்தாலே ஸ்விட்சை அணைக்க ஓடுவார்களாம். பக்கத்திலிருந்த ஆபீஸ் பெண்ணுக்கோ ஆடிட்டுக்கு முன்னால் ட்ரை ரன் பார்த்தே ஆக வேண்டும், அங்கே அது ஒத்திகை. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை தீர்ந்தால் ‘ரன் அவுட்’, கிரிக்கெட்டில் ஆள் காலி. சுகர் பரம்பரையாக வந்தால் அதற்கும் ரன்தான், ‘ரன்ஸ் இன் த ஃபேமிலி’. அமெரிக்காக்காரர் தேர்தலுக்கு ‘ரன்’ என்பார், பிரிட்டிஷ்காரர் நம்மைப் போலவே நிற்பார்.

அப்புறம் தமிழுக்கு வந்தார். நமக்கும் படம் ஓடும், கடை ஓடும், ஆனால் கடையை யாரும் ஓட்டுவதில்லை, நடத்துகிறோம். மூக்கு ஓடாது, ஒழுகும். இப்படி இரண்டு மொழியும் பிரிகிற இடத்தில்தான் நமக்கு வாய் தடுமாறுகிறது, அதைச் சரியாகப் பிடித்தார் மனுஷன். 1989இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான் மிக நீளமான விளக்கம், பின்னால் திருத்தி எழுதியபோது ரன் முந்திவிட்டது, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். அத்தனையும் யாருக்கு வேண்டும், நம் வேலைக்கு இருபது தெரிந்தால் போதும்.

இவ்வளவு நன்றாக நடத்திவிட்டு, கையில் கொடுக்கிற ஜெராக்ஸ் நோட்ஸில் ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் என்று பழைய மனப்பாடப் பட்டியல்தான். பேட்சில் கூட்டமும் அதிகம், பேச நம் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கேட்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது, வேலையிடத்தில் பேசத் தயங்குகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். சீக்கிரம் போய் முன்வரிசையைப் பிடியுங்கள், பின்னால் ஃபேன் சத்தத்தில் பாதி கேட்காது.