துவரையில் காய்ப்புழு: நாள் கணக்கில் மருந்தா, வானிலை பார்த்தா?

பூ பிடித்ததும் ஒரு மருந்து, 15 நாள் கழித்து இன்னொன்று, அதற்கும் 15 நாள் கழித்து மூன்றாவது. துவரையில் இரண்டு பருவம் இப்படித்தான் அடித்தேன். மூன்றாவது பருவத்திலிருந்து வெயில், மேகம், பூ மூன்றையும் பார்த்து அடிக்கிறேன். பழைய முறைக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. அதனால் இந்த ஒப்பீடு ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

நாள் கணக்கின் வசதி தெரிந்ததுதான். ஆளுக்கும் தெளிப்பானுக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். மருந்துச் செலவு, பூச்சிகளைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டு சாவது எல்லாம் பலரும் பேசியாயிற்று. என்னை மாற்றியது வேறு.

புழு நாட்களை எண்ணுவதில்லை, சூட்டைத்தான் எண்ணுகிறது. பச்சைக் காய்ப்புழுவின் முட்டை வெதுவெதுப்பான காலத்தில் 3 நாள் அளவில் பொரிந்துவிடும். குளிர் இறங்கிவிட்டால் அதுவே ஒரு வாரத்துக்கு மேலும் கிடக்கும். பொரித்த புழு வளரும் வேகமும் அப்படித்தான். இரண்டாவது பருவத்தில் பூக்கும் நேரம் பார்த்து வெயில் ஏறியது. நான் 15ஆம் நாள் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு போனபோது, புழுக்கள் தலையைக் காய்க்குள் விட்டு, உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தின்றுகொண்டிருந்தன. அந்த அளவு வளர்ந்த புழு லேசில் சாகாது. செத்தாலும் ஓட்டை விழுந்த காய் விழுந்ததுதான்.

இப்போது மொட்டு விடும்போதே, பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆணைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியைக் கட்டிவிடுகிறேன். அதில் காய்ப்புழுவின் ஆண் அந்துப்பூச்சி கூடினால், மொட்டிலும் இளங்காயிலும் முட்டை தேடுவேன். கசகசாவைவிடச் சிறியது. புதிதாக இட்டது மஞ்சள் கலந்த வெள்ளை, பொரியப்போவது பழுப்பு. வெயில் காய்ந்தால் உடனே தயாராக வேண்டும், குளிராக இருந்தால் சில நாள் கையில் இருக்கிறது. குறி எப்போதும் குட்டிப் புழுதான். புழுவுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் என்பிவி வைரஸ் கரைசல் என்றால் சாயங்காலம் அடிப்பேன், வெயில் அதைக் கெடுத்துவிடும்.

மேகமூட்டமும் ஈரக்காற்றும் நீண்டால் புள்ளிக் காய்ப்புழுவைப் பார்க்க வேண்டும். பூக்களை நூலால் பின்னி உள்ளே ஒளிந்துகொள்வதால், கொத்தைப் பிரித்துப் பார்க்காமல் தெரியாது. இதற்குப் பொறியை நான் நம்புவதில்லை. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு வேறு கணக்கு: பலத்த மழை பெய்தால் பாதி கழுவிக்கொண்டு போய்விடும், மறுநாள் பார்த்து முடிவு செய்யலாம். நாள் கணக்கில் அடித்த காலத்தில் மழைக்கு முன் அடித்து மருந்தையும் சேர்த்துக் கழுவவிட்டிருக்கிறேன்.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. பூக்கும் காலத்தில் வாரம் இரண்டு முறையாவது செடிக்குள் இறங்க வேண்டும். வெளியூரில் இருந்துகொண்டு விவசாயம் பார்ப்பவருக்கு இது ஒத்துவராது, அவருக்கு நாள் கணக்கே மேல்.

உளுந்தில் எனக்கு ஒரே பருவ அனுபவம்தான், அதில் இந்த முறை எடுபடவில்லை. வறண்ட வெயிலில் வெள்ளை ஈ ஏறியது. எண்ணிக்கை கூடட்டும் என்று காத்திருந்தேன், அதற்குள் அந்த ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் வந்துவிட்டது. அடுத்த முறை தேமலைத் தாங்கும் ரகமாகப் பார்த்து விதைத்துவிட்டு, அப்புறம்தான் வானத்தைப் பார்க்கப்போகிறேன்.