பி.எஸ்சி உளவியல் மாணவர்கள் கவனத்துக்கு: ‘கிளினிக்கல் டிப்ளமோ’வுக்குப் பணம் கட்டாதீர்கள்

தென் மாவட்டம் ஒன்றில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி உளவியல் படித்தேன். இப்போது அதே படிப்பில் இருப்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். கல்லூரி திறந்ததும் ஆள் பிடிக்க வந்துவிடுவார்கள்.

மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் துறைத் தலைவரே ஒரு பயிற்சி நிறுவனத்தாரை வகுப்புக்கு அழைத்து வந்தார். ஆறு மாத டிப்ளமோ, சனி ஞாயிறு மட்டும் வகுப்பு, ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப். டிகிரியோடு இதையும் முடித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலப் பிரச்சினைகளுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர், என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம், மேற்கொண்டு எம்.எஸ்சி, எம்.பில் என்று அலைய வேண்டாம் என்றார்கள். கட்டணம் 18,000 ரூபாய். அப்பா வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்தார். துறைத் தலைவர் பக்கத்தில் நிற்கும்போது எந்த மாணவருக்குச் சந்தேகம் வரும்?

அங்கீகாரம் உண்டா என்று கேட்டதற்கு, மத்திய அரசு அங்கீகாரம் என்று ஒரு சான்றிதழைக் காட்டினார்கள். அது எம்.எஸ்.எம்.இ பதிவு, அதாவது சிறு, குறு தொழில்களுக்கான பதிவு. மாவு மில் நடத்துகிறவரும் அந்தப் பதிவை எடுக்கலாம். இன்னொன்று ஐ.எஸ்.ஓ சான்றிதழ். நிர்வாக நடைமுறை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது அது. அந்த டிப்ளமோவை வைத்துக்கொண்டு நோயாளியைப் பார்க்கலாமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கேட்க வேண்டிய அங்கீகாரம் ஆர்.சி.ஐ என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலுடையது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது: ஆர்.சி.ஐ ஏற்ற நிறுவனத்தில் கிளினிக்கல் சைக்காலஜியில் அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்றவர். இல்லாவிட்டால், உளவியலில் முதுகலை முடித்து, அதற்குமேல் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி அடங்கிய இரண்டு வருட முழுநேர எம்.பில் முடித்தவர். ஆர்.சி.ஐ பதிவு இல்லாமல் அந்தத் தொழில் செய்தால் 1992-ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ சட்டப்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கே இடம் இருக்கிறது. போர்டு மாட்டலாம் என்று எங்களிடம் சொன்னவர்கள் இதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

வகுப்பில் நடந்ததையும் சொல்கிறேன். ரோர்ஷாக் சோதனை என்று மைத்தடப் படங்களைக் கொடுத்தார்கள். அதில் என்ன தெரிகிறது என்று கேட்டு ஒருவரின் மனநிலையை மதிப்பிடும் சோதனை அது. மொத்தம் பத்து அட்டைகள். அதில் இரண்டில் கறுப்போடு சிவப்பு இருக்கும், மூன்று பல வண்ணத்தில் இருக்கும். பார்ப்பவர் நிறத்துக்கு எப்படிப் பதில் சொல்கிறார் என்பதும் மதிப்பீட்டில் சேரும். எங்களுக்குக் கிடைத்தது பத்தும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அதை வைத்து ஒரே பிற்பகலில் ‘பயிற்சி’ முடிந்தது, சான்றிதழும் தந்தார்கள். கல்லூரி லேபில் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைய வைத்து, ஒவ்வொரு முறையும் தவறு எப்படிக் குறைகிறது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினோமே, அதில் கற்றது இதைவிட எவ்வளவோ மேல்.

பணம் போனதைவிட என்னைக் கோபப்படுத்துவது இன்டர்ன்ஷிப்தான். ஆஸ்பத்திரி என்றார்கள், ஆனால் அவர்கள் அலுவலகத்திலேயே எங்களை ‘இலவச ஆலோசனை’ போனில் உட்கார வைத்தார்கள். மேற்பார்வைக்கு யாரும் கிடையாது. ஒரு அக்கா பேசினார், பல நாளாகத் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று. என் கையில் இருந்தது ஒரு பக்கக் கேள்வித்தாள். மனநல மருத்துவரிடம் அனுப்பட்டுமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். “அனுப்பினா கிளையன்ட் போயிடுவாங்க, நம்ம பேக்கேஜ்ல சேர்த்து விடு” என்றார். நான் சேர்த்து விடவில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கொடுத்து, வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டு, அவருடைய அம்மா போனை வாங்கும் வரை பேசிக்கொண்டிருந்தேன். அன்றோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன். இருபது வயதுப் பிள்ளைகளைப் போனில் உட்கார வைத்து, உயிரோடு போராடுகிறவர்களிடம் பேக்கேஜ் விற்கிறார்கள். இதை மன்னிக்கவே முடியாது.

பி.எஸ்சி உளவியலே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல படிப்பு, மேற்படிப்புக்கு அடித்தளம். ஆனால் அதன்மேல் சிகிச்சை தருகிற பட்டத்தைச் சில மாதத்தில் ஒட்டித் தருவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆர்.சி.ஐ இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது; முதலில் அதில் பெயரைத் தேடுங்கள். பாடம் நடத்துபவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் ஆர்.சி.ஐ பதிவேட்டில் அவருக்குள்ள சி.ஆர்.ஆர் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையானவர் தயங்காமல் சொல்வார். வீட்டிலிருந்தே உளவியல் டிகிரி வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களிடமும் கவனம்: 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி அறிவித்துவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘கட்டணம் திரும்பத் தரப்படாது’ என்று இருப்பதைக் காட்டினார்கள். துறைத் தலைவர் இப்போது என் போனை எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை. ஏற்கெனவே இப்படிப் பணம் கட்டியவர்கள் ரசீது, விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். ‘போர்டு மாட்டலாம்’ என்று அவர்கள் எழுத்தில் அனுப்பிய அந்த ஒரு செய்திதான் இப்போது என் புகாருக்கு முக்கிய ஆதாரம்.