ஹெட்லைட் பல்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் வயரைப் பாருங்கள்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியில் வெளிச்சம் போதவில்லை என்றால், 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) சாதாரண ஹாலஜன் பல்பு ஒன்று, இரண்டு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்த ஹெட்லைட் வயரிங் கிட் ஒன்று. இவ்வளவு போதும். கடையில் கண்ணைப் பறிக்கும் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கையில் மல்டிமீட்டர் எப்போதும் இருக்கும். கடைக்காரர் சொல்வதை மீட்டர் சொன்னால்தான் நம்புவேன்.

என் வண்டி, பழைய தலைமுறை 350 சிசி மோட்டார் சைக்கிள். ஏழு அங்குல வட்ட விளக்கு, எச்4 பல்பு (பிரைட், டிம் இரண்டு இழையும் ஒரே பல்பில் உள்ள வகை). 2017 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்பதால் ஹெட்லைட்டை அணைக்கச் சுவிட்ச் உண்டு. அதற்குப் பிறகு வந்த இரு சக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே விளக்கு எரியும். நான் போகும் சாலை திருவண்ணாமலைக்கும் செங்கத்துக்கும் நடுவே. அந்த வழியில் இரவு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், பயப்பட வேண்டியது எதிரே வரும் லாரிக்கு அல்ல. அதற்காவது விளக்கு இருக்கிறது. கரும்பு ஏற்றி முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும் டிராக்டருக்குப் பின்விளக்கும் கிடையாது, சிவப்புப் பட்டையும் கிடையாது. சாலையின் இரு பக்கமும் தோகை நீட்டிக்கொண்டு, இருட்டோடு இருட்டாகப் போகும். நம் விளக்கு அதன் மேல் விழுந்தால்தான் அது இருப்பதே தெரியும்.

வண்டியில் வந்த விளக்கு மஞ்சளாக, சோர்ந்துபோய் எரிந்தது. மெக்கானிக் பார்த்ததும் "பல்பை மாற்றிவிடலாம் சார்" என்றார். மாற்றுவதற்கு முன் ஹெட்லைட் டூமை (விளக்கு உட்காரும் கூட்டை) கழற்றி, பல்பின் பின்னால் மாட்டும் மூன்று கால் ஹோல்டரில் மீட்டர் முனையை நுழைத்தேன். இங்கே ஒரு விஷயம். ஹோல்டரைப் பல்பிலிருந்து உருவிவிட்டு அளந்தால் பேட்டரியில் இருக்கும் வோல்ட் அப்படியே காட்டும், "வயரிங் நன்றாகத்தானே இருக்கிறது" என்று மூடிவிடுவார்கள். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது, ஹோல்டரின் பின்பக்கத்திலிருந்து முனையைச் செருகி அளக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போதுதான் வயரின் குணம் தெரியும். அப்படி அளந்ததில் பேட்டரி முனையில் 13.8 வோல்ட், பல்பின் காலில் 12.1. நடுவே 1.7 வோல்ட்டைக் காணவில்லை.

அது எங்கே போனது என்று ஒவ்வொரு இணைப்பாகத் தேடினேன். சாவிச் சுவிட்சில் கொஞ்சம், கைப்பிடியில் இருக்கும் டிம்-பிரைட் சுவிட்சில் நிறைய, மெல்லிய வயர் முழுநீளத்துக்கும் கொஞ்சம், எர்த் வயர் சட்டத்தில் முடுக்கியிருந்த இடத்தில் துரு பிடித்ததால் கொஞ்சம். ஐந்து ஆம்பியர் ஓடும் பாதை இது. டிம்-பிரைட் சுவிட்சின் உள்ளே இருக்கும் செம்புத் தகடு என் சுண்டுவிரல் நகத்தின் பாதி அளவுகூட இல்லை.

1.7 வோல்ட் என்பது கேட்பதற்குச் சின்னக் கணக்கு. ஆனால் இழை எரியும் பல்பில் வோல்ட் குறைவதுபோல் வெளிச்சம் குறையாது. பல மடங்கு வேகமாகக் குறையும். வோல்ட் விகிதத்தின் 3.4 அடுக்கு (power) என்பது பல்பு தயாரிப்பவர்கள் கையாளும் கணக்கு. பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் போய்விடும். என் வண்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் வயரின் குறையால் சாலைக்கு வராமலே போய்க்கொண்டிருந்தது. பல்பின் மேல் என்ன பிழை?

ரிலே கிட் இதற்குத்தான். பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்று ஃபியூஸ் வழியாக நேரே ரிலேவுக்கும், அங்கிருந்து பல்புக்கும் போகிறது. பழைய ஹோல்டரில் வரும் மின்சாரத்தின் வேலை இனி ரிலேயின் சுருளை இழுப்பது மட்டுமே. அதற்கு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குகூட வேண்டாம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அறுநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். வண்டியின் வயர் எதையும் வெட்ட வேண்டியதில்லை. பழைய ஹோல்டரை கிட்டில் இருக்கும் ஆண் முனையில் செருக வேண்டும், கிட்டின் புதிய ஹோல்டரைப் பல்பில் செருக வேண்டும், பேட்டரிக்கு ஒரு வயர், எர்த்துக்கு ஒரு வயர். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று கால்களுக்கு எண் போட்டிருப்பார்கள். 30 பேட்டரி, 87 பல்பு, மற்ற இரண்டும் சுருள். இது தெரிந்தால் போதும், ஒரு மாலை வேலை.

குறை இல்லாமல் இல்லை. பேட்டரியில் முடுக்கும் வளையத்தை வயரோடு நசுக்கிய விதம் படு மோசம். கையால் இழுத்தால் ஆடியது. வோல்ட் இழப்பைத் தடுக்க வாங்கும் பொருளிலேயே வோல்ட் இழப்புக்கு வழி செய்து அனுப்பியிருக்கிறார்கள்! ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஃபியூஸ் பெட்டிக்கு மூடி உண்டு, ஆனால் மழைத் தண்ணீர் புகாது என்று சொல்ல முடியாது; இருக்கைக்குக் கீழே தள்ளி வைத்துக் கட்டினேன். கார் அளவுக்கு வயர் நீளம் விட்டிருக்கிறார்கள், டூமுக்குள் அடைப்பதற்குள் கை நோகிறது. ஹோல்டர் மட்டும் பீங்கான். அதற்காகவே கொடுத்த காசு தகும்.

மாட்டிய பிறகு அதே பல்பு, அதே மீட்டர்: 13.5 வோல்ட். முன்பு எரிந்ததைவிட நாற்பது சதவீதத்துக்கு மேல் வெளிச்சம், பல்பை மாற்றாமலே. மஞ்சள் போய் வெள்ளை கூடியது. மறுபக்கமும் ஒன்று உண்டு: வோல்ட் ஏறினால் பல்பின் ஆயுள் குறையும். முன்பு சோறு போடாமல் வேலை வாங்கியதால் அது மெதுவாகச் செத்துக்கொண்டிருந்தது, இப்போது முழு வேலை செய்கிறது. ஒரு உபரிப் பல்பை கருவிப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

பல்புக்கு வருவோம். எச்4 பல்புக்குச் சர்வதேச விதி வகுத்திருக்கும் அளவு பிரைட்டுக்கு 1650 லூமன் (பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு), டிம்முக்கு 1000 லூமன், 13.2 வோல்ட்டில். பதினைந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். பிலிப்ஸ், ஓஸ்ராம் இரண்டிலும் சாதாரண 60/55 வாங்கியிருக்கிறேன். சாலையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் வாங்கியபோது இருநூறு ரூபாய் அளவில் கிடைத்தது. மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் எரியும்போது அதிகம் சூடேறி, அங்கே கண்ணாடி வீங்கும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்டலாம்.

"130 சதவீதம் கூடுதல்", "150 சதவீதம் கூடுதல்" என்று அட்டையில் அச்சிட்ட விலை உயர்ந்த பல்புகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மேலே சொன்ன லூமன் வரம்பு இவற்றுக்கும் உண்டு. மொத்த வெளிச்சம் அவ்வளவு கூடுவதற்கு வழியில்லை. இழையை இன்னும் மெல்லியதாக, இறுக்கமாகச் சுற்றி, சாலையில் குறிப்பிட்ட சில இடங்களில் விழும் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறார்கள். ஒப்பீடும் விதி கேட்கும் குறைந்தபட்ச அளவோடுதான். இது ஏமாற்று அல்ல. தூரத்தில் வித்தியாசம் நிஜமாகவே தெரிந்தது, புளியமரத்துச் சுண்ணாம்புப் பட்டை ஓரிரண்டு மரம் முன்னதாகவே கண்ணில் பட்டது. ஆனால் மெல்லிய இழை சீக்கிரம் அறும், ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் இன்னும் சீக்கிரம். அதோடு ஜோடியாகத்தான் விற்கிறார்கள், காருக்கு என்று கணக்கு. நான் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைப் பக்கத்து வீட்டு புல்லட்காரருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தேன். ரிலே போட்டவர்கள், காசும் இருந்தால், தாராளமாக வாங்கலாம். ரிலே போடாமல் இதை வாங்குவது வீண்.

அடுத்தது 100/90 வாட். கடையில் இதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். "ஐயா, வாட் கூடினால் வெளிச்சம் கூடும், இதிலே என்ன யோசனை?" என்றார் ஒரு இளைஞர். பழைய வயரிலேயே இதை மாட்டினால் எட்டு ஆம்பியர் ஓடும். என் வண்டியின் பழைய வயர் கணக்குப்படி கிட்டத்தட்ட 2.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். இருபது வாட்டுக்கு மேல் சூடு, வயரிலும் அந்தச் சின்னத் தகட்டிலும். உருகி ஒட்டிக்கொண்ட டிம்-பிரைட் சுவிட்சுகளை மெக்கானிக் கடைகளில் கேட்டால் டப்பாவோடு காட்டுவார்கள். ரிலே போட்டு மாட்டிப் பார்த்தேன். வெளிச்சம் பகல்போல் இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் விளக்குக் கண்ணாடியில் கை வைக்க முடியவில்லை. பிளாஸ்டிக் பிரதிபலிப்பான் உள்ள வண்டியில் அதன் பளபளப்பு கருகிப்போகும். அது கருகினால் எந்தப் பல்பு போட்டாலும் பயனில்லை, துடைத்தும் மீட்க முடியாது. எதிரே வருகிறவரின் சாபம் தனி. கழற்றிவிட்டேன்.

நீலப் பூச்சுப் பல்பைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பூச்சு என்பது வடிகட்டி. மஞ்சளையும் சிவப்பையும் தடுத்து நிறுத்துகிறது. அதாவது, காசு கொடுத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறோம். மழையில் நனைந்த தார்ச் சாலையில் விளக்கு எரிகிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

எல்இடிக்கு வருகிறேன். இதில்தான் சண்டை அதிகம். எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். இழையின் வெளிச்சம் கீழே இறங்காமல் அது தடுக்கிறது. மேல் பாதிப் பிரதிபலிப்பானில் மட்டும் பட்டு, சாலையை நோக்கிக் கீழே சாய்ந்து விழுகிறது. டிம் போட்டால் எதிரே வருகிறவர் கண் கூசாததற்குக் காரணம் அந்தக் கிண்ணமும், இழை அமைந்திருக்கும் இடமும்தான். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கணக்கு கெடும். எல்இடியில் இழை இல்லை. தகட்டின் இரு பக்கமும் ஒட்டிய சில்லுகள். அந்தத் தகட்டின் தடிமனுக்கே வெளிச்சம் இடம் மாறிவிடுகிறது. நான் வாங்கியதன் அட்டையில் எட்டாயிரம் லூமன் என்று இருந்தது. அது இழுத்த மின்சாரத்தை மீட்டரில் பார்த்தேன், இரண்டு ஆம்பியர்கூட இல்லை. இருபத்தைந்து வாட்டில் எட்டாயிரம் லூமனா? மின்வாரியத்தில் யாராவது இப்படி ரீடிங் எழுதியிருந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும்.

சுவரில் அடித்துப் பார்த்தால் வெள்ளை வெளேர் என்று அசத்தியது. சாலையில், முன்சக்கரத்துக்கு அருகே கொட்டிக் கிடந்தது, தூரத்தில் ஒன்றுமில்லை. அருகே பளிச்சென்று இருந்தால் கண்ணின் பாவை சுருங்கிக்கொள்ளும்; பிறகு தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். நான் டிம் போட்டிருந்தும், எதிரே வந்த பஸ் ஓட்டுநர்கள் எனக்கு பிரைட் அடித்து அடித்துக் காட்டினார்கள். தொழிற்சாலையிலேயே எல்இடிக்கென்று வடிவமைத்து வரும் விளக்குகள் வேறு, அவை நன்றாகவே இருக்கின்றன. ஹாலஜனுக்குச் செய்த கண்ணாடிக்குள் எல்இடியைச் செருகுவதைத்தான் சொல்கிறேன். இப்போது அது கிணற்றடி மோட்டார் கொட்டகையில், பழைய பேட்டரி ஒன்றில் எரிகிறது.

எந்தப் பல்பு போட்டாலும், விளக்கு சாய்வைச் சரிபார்க்காமல் விட்டால் பாதிக் காசு வீண். சமதளத்தில், சுவருக்கு எதிரே, வண்டியில் ஆள் உட்கார்ந்த நிலையில், டிம்மின் மேல் விளிம்பு விளக்கின் நடுமட்டத்தைவிடச் சற்றே கீழே இருக்க வேண்டும். என் மனைவி பின்னால் உட்கார்ந்தாலே முன்பக்கம் தூக்கி, டிம் வெளிச்சம் மர உச்சிக்குப் போய்விடும். ஆகவே அவரையும் உட்காரவைத்துத்தான் திருகினேன். "சுவரைப் பார்க்கவா சேலை மாற்றிக்கொண்டு வந்தேன்?" என்று கேட்டார். ஹெட்லைட் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. சாய்வைச் சரியாக வைத்தால் அதற்குத் தேவையே வராது. இன்னொன்று, டூமை மூடும்போது பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் தூசி உள்ளே போய்ப் பிரதிபலிப்பானில் படியும்.

கடைகளைப் பற்றி: ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பேரம் பேசாமல் எதையும் வாங்காதீர்கள். முதலில் சொல்லும் விலைக்கும் கடைசி விலைக்கும் ஒரு டிபன் செலவு மிஞ்சும். ரிலேயை உலுக்கிப் பாருங்கள், உள்ளே கடகடத்தால் வேண்டாம். பல்பை அட்டைப்பெட்டியில் பார்க்காதீர்கள், வெளியே எடுத்து இழை நேராக நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; கடைக்காரர் முகம் சுளித்தால் பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கிறது.

நூறு சிசி வண்டிக்காரர்கள் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பெரும்பாலும் 35/35 வாட் எச்எஸ்1 பல்பு. விதிப்படி 825, 525 லூமன், எச்4-இல் பாதி. வெளித்தோற்றம் ஒன்றுபோல் இருப்பதால், அடியில் இருக்கும் தகட்டுக் காதை அரத்தால் ராவி எச்4-ஐ உள்ளே திணித்துத் தருகிறார்கள். அந்த வண்டிகளின் மின்சாரம் 35 வாட்டுக்குக் கணக்குப் போட்டது, பேட்டரி இறங்கும். பழைய வண்டிகளில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் வெளிச்சம் ஏறும், விட்டால் இறங்கும். அதில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரியவில்லை, காந்தச் சுருளிலிருந்து நேரே ஏசி-யில் எரிகிறது. அதற்கு நான் சொன்ன ரிலே கிட்டைப் போடக் கூடாது, பேட்டரி ஒரே இரவில் படுத்துவிடும். எர்த் முனையைச் சுரண்டி, ஹோல்டரை மாற்றி, கீறல் விழுந்த கண்ணாடியையும் மங்கிய பிரதிபலிப்பானையும் தூக்கிப் போட்டுப் புதிய விளக்கு முழுதாக மாட்டுங்கள். ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குள் முடியும்.