ஏசி குளிராததற்குக் காரணம் ஹீட்டர் வால்வு: நான்கு ஆண்டு அனுபவம்

கோவையில் கார் வைத்திருப்பவர்கள் ஹீட்டரைப் பற்றி நினைப்பதே அரிது. நானும் 2009ஆம் ஆண்டு வாங்கிய என் செடானில், ஊட்டிக்குப் போகும் நாட்களைத் தவிர, அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியதில்லை. அதனால்தான் 2021 ஏப்ரலில் ஏசி சரியாகக் குளிராமல் போனபோது, கோளாறு ஹீட்டரில் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, ஏசி பார்த்தவர்களுக்கும் தோன்றவில்லை. ஒரே மாதத்தில் இரண்டு முறை கேஸ் நிரப்பினார்கள். இரண்டு முறையும் காலையில் குளிர்ந்தது. நண்பகலில் அவிநாசி சாலை நெரிசலில் நின்றால் மறுபடியும் வெதுவெதுப்பான காற்றுதான் வந்தது.

அந்த வேறுபாடுதான் என்னை யோசிக்க வைத்தது. கேஸ் குறைந்திருந்தால் காலையிலும் குளிர்ச்சி குறைவாகத்தானே இருக்க வேண்டும்? இன்ஜின் சூடேறிய பிறகு மட்டும் ஏசி தோற்கிறது என்றால், இன்ஜினின் சூடு எங்கோ ஒரு வழியில் உள்ளே வருகிறது என்று பொருள். இன்ஜினைச் சுற்றி வரும் கூலன்ட் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதில் ஒரு பகுதி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோருக்கு (காருக்குள் வரும் காற்றைச் சூடாக்கும் சிறிய ரேடியேட்டர்) போய்த் திரும்புகிறது. அந்தப் பாதையைத் திறந்து மூடுவதுதான் ஹீட்டர் வால்வின் வேலை. என் காரில் அதைக் குமிழிலிருந்து வரும் ஒரு கேபிள் இயக்குகிறது. (வால்வே இல்லாத கார்களும் உண்டு, அவற்றில் கூலன்ட் எப்போதும் கோர் வழியாக ஓடும், உள்ளிருக்கும் ஒரு மடல் காற்றை மட்டும் திசைமாற்றும். அந்த வகைக் கார்களுக்கு நான் சொல்வது பொருந்தாது.)

குமிழைக் குளிர்ப் பக்கம் முழுவதும் திருப்பி, இன்ஜின் சூடேறும் வரை ஓடவிட்டு, பிறகு நிறுத்திவிட்டு, வால்வின் இருபக்க ஹோஸ்களையும் தடித்த துணியால் தொட்டுப் பார்த்தேன். வால்வு மூடியிருந்தால் கோருக்குப் போகும் பக்கம் ஆறியிருக்க வேண்டும். இரண்டுமே கை வைக்க முடியாத சூட்டில் இருந்தன. அந்த ஹோஸை ஒரு கிளாம்பால் இறுக்கி அடைத்துவிட்டு ஏசியைப் போட்டதும், 15 டிகிரியில் வந்துகொண்டிருந்த காற்று பத்து நிமிடத்தில் 8 டிகிரிக்கு இறங்கியது. வீட்டுச் சமையலறை வெப்பமானியை ஏசி துவாரத்தில் செருகி அளந்தது அது. கேஸுக்குக் கொடுத்த பணம் அத்தனையும் வீண் என்பது அப்போது உறுதியானது.

வால்வை எடுத்துவிட்டு, கூலன்ட் கோருக்கே போகாதபடி ஹோஸை நேரே இணைத்து பைபாஸ் போட்டுவிடலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். சமவெளியில் மட்டும் ஓட்டுபவருக்கு அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள், நான் ஏற்கவில்லை. மழைக்காலத்தில் கோத்தகிரி மலைப்பாதையில் முன்கண்ணாடி பனித்துப்போகும்போது, ஏசியோடு ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் கண்ணாடி தெளிவதுபோல் வேறெதனாலும் தெளிவதில்லை. இன்ஜின் அதிகமாகச் சூடேறத் தொடங்கினால், ஹீட்டரை முழுதாகத் திறந்து சூட்டின் ஒரு பகுதியை வெளியேற்றி ஓரம்கட்டும் வாய்ப்பும் பைபாஸில் போய்விடும்.

முதலில் 650 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் வால்வு வாங்கி நானே மாற்றினேன். பன்னிரண்டு ஆண்டுகள் சூட்டில் கிடந்த பழைய வால்வின் கழுத்து, ஹோஸை இழுத்ததும் பிஸ்கட்டைப் போல நொறுங்கியது. உடைந்த துண்டுகளை ஹோஸுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கோரின் குழாயில் ஒட்டிக்கொண்ட ஹோஸைத் திருகி இழுக்கக் கூடாது. அந்தக் குழாய் மெல்லியது. அது வளைந்தாலோ விரிந்தாலோ டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுவதே மேல்.

அந்தப் புது வால்வு 14 மாதங்கள்தான் உழைத்தது. கழுத்தில் மயிரிழை போன்ற ஒரு விரிசல், அதன் ஓரத்தில் கூலன்ட் கசிந்து காய்ந்துபோன பச்சைப் படிவு. திருகுக் கிளாம்பை நான் அளவுக்கு மீறி இறுக்கியதே காரணம் என்று நம்புகிறேன், ஏனெனில் விரிசல் கிளாம்பின் விளிம்புக்கு நேரே ஓடியிருந்தது. 2022 ஜூலையில் உலோக உடலுள்ள வால்வை 1,400 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தினேன். இம்முறை ஒரே சீராக அழுத்தும் ஸ்பிரிங் கிளாம்புகளைப் போட்டேன். கோரையும் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவினேன். துருநிறத் தண்ணீர் வெகுநேரம் வந்தது. முன்பு அவசரத்துக்கு ஊற்றிய போர் தண்ணீரின் விளைவு அது. சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரேடியேட்டருக்கு வேண்டாம்; கூலன்டோடு டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே கலக்கிறேன். வடித்த கூலன்டைத் தெருவில் விடாமல் கேனில் பிடித்து மூடிவைத்தேன், ஏனெனில் இனிப்பாக இருப்பதால் அதை நக்கும் நாய்க்கு அது நஞ்சு.

இந்த வால்வு வந்த பிறகு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. சென்ற மே மாத நண்பகலிலும் ஏசிக் காற்று 9 டிகிரியைத் தாண்டவில்லை. ஒரே குறை, சில வாரங்கள் அசைக்காமல் விட்டால் குமிழ் கனத்துப்போகிறது. அதனால் மாதம் ஒருமுறை, இன்ஜின் சூடாக இருக்கும்போது, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நான்கைந்து முறை திருப்பிவிடுகிறேன். அடுத்த கூலன்ட் மாற்றத்தின்போது ஹோஸ்கள் இரண்டையும் மாற்றப்போகிறேன்; வால்வைத் தொடுவதாக இல்லை.