மேக்ன்டேட்டா: காசில்லாமல் ஒரு காந்தக் களஞ்சியம்

காந்தப் பொருள்களில் எலக்ட்ரான்கள் எடுக்கும் டோபாலஜி நிலைகளை (சிறு மாற்றங்களால் எளிதில் கலையாத நிலைகளை) படிக்கிறவர்கள் முதலில் திறக்க வேண்டிய தளம், காந்த அமைப்புகளைச் சேர்த்துவைத்திருக்கும் மேக்ன்டேட்டா. பில்பாவோ கிறிஸ்டலோகிராஃபிக் சர்வர் என்ற படிகவியல் இணையத் தொகுப்பின் ஒரு பகுதி இது. பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். டர்பனில் பகலில் பள்ளிப் பாடம், இரவில் முதுகலை ஆய்வு என்றிருக்கும் எனக்கு இது பெரிய கொடை.

தனிமங்களின் பெயரைக் கொடுத்தால் போதும். பெரும்பாலும் நியூட்ரான் சிதறலில் (நியூட்ரான்களைப் பொருளில் செலுத்தி அவை சிதறுவதைப் பார்க்கும் முறையில்) கண்டறிந்த காந்த அமைப்பு வந்துவிடும். எந்த அணுவின் காந்தத் திருப்புத்திறன் (அணுவுக்குள் இருக்கும் குட்டிக் காந்தம்) எந்தப் பக்கம் பார்க்கிறது, 1651 காந்தச் சமச்சீர்க் குலங்களில் இது எது, எல்லாம் ஒரே பக்கத்தில். கோப்பை இறக்கி, படிக அமைப்பை வரைந்து காட்டும் வெஸ்டா மென்பொருளில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் ஹோட்டசெல் மாங்கனீசுச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அண்ணன் வந்திருந்தபோது, மூன்று மாங்கனீசுக்கு ஒரு வெள்ளீயம் சேர்ந்த சேர்மத்தைக் காட்டினேன். "நாங்க தோண்டுறதா இப்படி நிக்குது?" என்றார். முக்கோண மூலைகளில் உள்ள அணுக்களின் திருப்புத்திறன்கள் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகி நிற்கின்றன. கூட்டிப் பார்த்தால் காந்தம் கிட்டத்தட்ட இல்லை. அப்படியும் 2015இல் ஜப்பானிய இயற்பியலர் நகாட்சுஜியின் குழு அதில் அறை வெப்பநிலையிலேயே பெரிய ஹால் விளைவை, அதாவது மின்னோட்டம் பக்கவாட்டில் விலகுவதைக் கண்டது. அந்த முக்கோண ஒழுங்கு சமச்சீரை உடைக்கிறது. எலக்ட்ரான் பட்டைகள் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் அளவுகள்) வெய்ல் புள்ளிகள் எனப்படும் இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. அவற்றின் தாக்கத்தால் மின்னோட்டம் பக்கவாட்டில் விலகுகிறது. இந்தத் தொடர்பு எனக்குப் பிடிபட்டது படத்தைக் கையால் சுழற்றிப் பார்த்த பிறகுதான்.

2020இல் ஒரு பன்னாட்டுக் குழு இங்கிருந்த 549 அமைப்புகளை வைத்துத் தேடி, டோபாலஜி குணமுள்ள 130 பொருள்களைக் கண்டறிந்ததும் இந்தக் களஞ்சியத்தின் தயவில்தான்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இதில் இருப்பவை ஆய்வுக்கட்டுரைகள் சொன்ன அமைப்புகள், முடிந்த தீர்ப்புகள் அல்ல. நம் பிளாட்டினச் சுரங்கங்களில் கிடைக்கும் ரூத்தேனியத்தின் டைஆக்சைடையே பாருங்கள்: 2017 நியூட்ரான் ஆய்வு காந்த ஒழுங்கு உண்டு என்றது, ஆல்டர்மேக்னெட் (மொத்தக் காந்தம் இல்லாமலே எலக்ட்ரான்களைத் தற்சுழற்சிப்படி பிரிக்கும் காந்த வகை) பேச்சு அதைச் சுற்றியே வளர்ந்தது, 2024இல் மியூவான் என்ற துகளை வைத்துச் செய்த சோதனைகள் அந்த ஒழுங்கைக் காணவில்லை. ஆகவே கட்டுரையின் ஆண்டைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

டோபாலஜி வகையைச் சோதிக்கும் கருவியும் அதே சர்வரில் உண்டு. அதற்குப் பட்டைக் கணக்கீட்டின் முடிவுகளை நாமே கொண்டுபோக வேண்டும். வழக்கமாக இதற்குப் பயன்படும் வாஸ்ப் மென்பொருளுக்கு உரிமம் வாங்க வேண்டும். அது கைவசம் இல்லாதவர்கள் அமைப்புத் தேடலோடு நிறுத்திக்கொள்ளலாம். என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.