ராஃபிள்ஸ்: தாய்வீட்டுக்கு ஈடில்லை

1887-ல் சார்கீஸ் சகோதரர்கள் சிங்கப்பூர்க் கடலோரத்தில் பத்து அறை பங்களாவாகத் தொடங்கியது ராஃபிள்ஸ் ஹோட்டல். இன்று பிரெஞ்சு ஹோட்டல் நிறுவனமான அக்கோர் குழுமத்தின் கையில் துபாய், பாரிஸ், இஸ்தான்புல் என்று பரவிவிட்டது. 2023-ல் லண்டனின் பழைய போர் அலுவலகக் கட்டடத்திலும் திறந்தார்கள். ஆனாலும் தாய்வீட்டின் அழகே தனி.

2019 புதுப்பிப்புக்குப் பிறகு இங்கே 115 சூட்கள், அதாவது உட்காரத் தனி இடமும் சேர்ந்த பெரிய அறைகள். சாதாரண அறையே கிடையாது, அதனால்தான் வாடகை அவ்வளவு.

தங்காதவர்கள் முகப்புக் கூடத்தைச் சுற்றிப் பார்க்க முடியாது. கடைகள் இருக்கும் ஆர்கேட் வழியாக ஹோட்டலின் மதுக்கூடமான லாங் பாருக்குப் போங்கள். மேசையில் சாக்குப்பை நிறைய வேர்க்கடலை. தோட்டைத் தரையிலேயே போடலாம், நடந்தால் காலடியில் நொறுங்கும். சிங்கப்பூர் ஸ்லிங் என்ற ஜின் காக்டெய்ல் பிறந்த இடம் இது. ஜின்னைவிட அன்னாசிச் சாறே தூக்கல். தித்திப்பு பிடிக்காதவர்கள் எலுமிச்சையைக் கூட்டச் சொல்லுங்கள். மாலையில் வரிசை நீளும், மதியமே போய்விடுவது நல்லது.